மகன் தொலைபேசி நிறுவனம் தொடங்குகிறான், பணம் கொடுக்கலாமா?



கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். ஊர் பேரும் வீட்டுப் பேரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. விஷயம் இதுதான். அவருடைய கணவருக்கு வரும் ஆண்டில் 55 வயது நிறைகிறது. ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தை எடுக்கலாம். அந்த வீட்டுக்கு முப்பது ஆண்டு வெயிலும் மழையும் சம்பாதித்துக் கொடுத்தது அது ஒன்றுதான். மகனுக்கு 26 வயது. கிள்ளானில் கணினிக் கம்பி இழுக்கும் குத்தகைக்காரரிடம் வேலை. அவன் இப்போது, "அப்பா, 40,000 வெள்ளி கொடுங்கள், இணையத் தொலைபேசி நிறுவனம் தொடங்குகிறேன்" என்கிறானாம். தகப்பனார் வாய் திறக்கவில்லை. தாயாருக்குத் தூக்கம் வரவில்லை. "ஐயா, இது என்ன தொழில், இதில் பிழைக்க முடியுமா, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

இந்தத் தாயாரைப்போல எத்தனை பேர் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்களோ! ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில், இது என்ன தொழில்? நம்மில் வயதானவர்களுக்குத் தோட்டத்துத் தொலைபேசி நினைவிருக்கும். ஆபீசில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் கிராணி ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அந்தக் காலத்தில் பேச்சு ஒரு செம்புக் கம்பியில் போயிற்று. நீங்கள் பேசி முடிக்கும்வரை அந்த வழி முழுவதும் உங்களுக்கே சொந்தம். அதனால்தான் வெளியூர்க் கட்டணம் அவ்வளவு கனத்தது. தொலைபேசி என்பதே அப்போது அரசாங்கத்தின் காரியம். 1987இல்தான் அந்த இலாகாவை நிறுவனமாக மாற்றினார்கள்.

இணையத் தொலைபேசியில் நடப்பது வேறு. உங்கள் குரலை ஒரு விநாடிக்கு 50 துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் எழுதி, இணையத்தில் விட்டுவிடுகிறார்கள். மற்றவர்களின் படம், பாட்டு, கடிதம் எல்லாம் போகிற அதே பாதையில் அதுவும் போகிறது. அந்தப் பக்கம் இருக்கும் கருவி துண்டுகளை வரிசையாகச் சேர்த்து மறுபடியும் குரலாக்குகிறது. வழி யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை என்பதால் செலவு குறைகிறது. பால் வெட்டியவர்களுக்கு இன்னொன்று சொன்னால் உடனே விளங்கும். வாளி நேரத்துக்குக் கொட்டகைக்கு வராவிட்டால் பால் உறைந்து பயனற்றுப் போகிறதல்லவா? குரல் துண்டும் அப்படித்தான். தாமதமாக வந்த துண்டைக் கருவி தூக்கி எறிந்துவிடும். அப்போதுதான் பேச்சு "விட்டு விட்டு" கேட்கிறது. வாயிலிருந்து மறுபக்கக் காதுக்குப் போக ஒரு விநாடியில் 150 ஆயிரத்தொரு பங்குக்குள் முடிந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த அளவு. அதற்கு மேல் இழுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

இது புதிய வித்தையும் அல்ல. 1995இலேயே இஸ்ரேல் நாட்டு வோக்கல்டெக் என்ற நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்றது. 2003இல் ஸ்கைப் வந்தது. 2011இல் மைக்ரோசாப்ட் அதை 850 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய ஸ்கைப்பையே 2025 மே 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். சகோதரி, இந்த ஒரு வரியை மகனுக்குப் படித்துக் காட்டுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எந்த வாசல் அடைத்துவிட்டது, எது திறந்திருக்கிறது என்று அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடைத்துவிட்ட வாசல், நிமிடம் விற்பது. ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அட்டை விற்றே கடை நடத்தினார்கள். மொத்த வியாபாரியிடம் நிமிடத்தை வாங்கிச் சில்லறையில் விற்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வெறும் உதாரணத்துக்கு. நிமிடம் 4 காசுக்கு வாங்கி 6 காசுக்கு விற்றால் இலாபம் 2 காசு. 10,000 நிமிடம் விற்றால் 200 வெள்ளி. பத்தாயிரம் நிமிடம் என்றால் 166 மணி நேரத்துக்கு மேல் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்! 2015இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்த பிறகு எந்த வீட்டில் காசு கொடுத்துப் பேசுவார்கள்? நம் பாட்டிமார்களே முகம் பார்த்துப் பேசுகிறார்கள். உங்கள் மகன் "குறைந்த கட்டணத்தில் அழைப்பு" என்று திட்டம் வைத்திருந்தால், ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

திறந்திருக்கும் வாசல் வேறு. சிறு அலுவலகங்களைப் பாருங்கள். பட்டணத்துக் கிளினிக், லோரி கம்பெனி, வாகனப் பட்டறை, டியூஷன் நிலையம், கோயில் அலுவலகம், கல்யாண மண்டபம். இவர்களுக்கு இலவசப் பேச்சு தேவையில்லை. பலகையில் எழுதி வைக்க ஒரு நிலையான எண் வேண்டும். அந்த எண்ணுக்கு அழைத்தால் முன்மேசை, மருந்தகம், கணக்கர் என்று ஐந்தாறு இடங்களுக்கு மாற்றிவிட வேண்டும். கடை பூட்டியபின் முதலாளியின் கைப்பேசிக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் இதற்குச் சுவரில் மாட்டும் பெரிய பெட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினார்கள். இன்று ஒரு கணினியில் மென்பொருளே அந்த வேலையைச் செய்கிறது. அதில் பெயர்போன ஒன்று ஆஸ்டரிஸ்க். விலை கிடையாது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 1999இல் அதை எழுதியவர் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர். சிறு முதலில் ஒரு நிறுவனம் தொடங்கினார், தொலைபேசிப் பெட்டி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே தானே எழுதிவிட்டார். இந்தக் கதை மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்!

இப்போது உரிமம். இங்கேதான் பல இளைஞர்கள் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். பிறகு பார்க்கிற காரியம் அல்ல இது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கிறது. அதைக் கவனிப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். கோபுரமும் கம்பியும் வைத்திருப்பவர்களுக்கு ஒருவகை உரிமம், அவற்றின்மேல் போக்குவரத்து நடத்துபவர்களுக்கு ஒருவகை, பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களுக்கு ஒருவகை, ஒளிபரப்பு போன்றவற்றுக்கு ஒருவகை. இணையத் தொலைபேசி மூன்றாவது வகையில் சேரும். "வகுப்பு உரிமம்" என்பார்கள். ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும், மறந்தால் போயிற்று. உரிமம் இல்லாமல் நடத்தினால் அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு. உரிமம் உள்ள பெரிய நிறுவனத்துக்கு முகவராக, அதன் பெயரிலேயே விற்கப்போகிறான் என்றால் நிலைமை மாறலாம். அதை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தன் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி ஆணையத்துக்கே அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கடையைப் பதிவு செய்வது எளிது. எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தனி வியாபாரம் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கினால் பதிவுக்கே 1,000 வெள்ளி, பிறகு செயலாளர், கணக்காய்வு என்று ஆண்டுச் செலவு தொடரும். தனி வியாபாரத்தில் கடன் வந்தால் அது வீட்டு வாசலுக்கே வரும் என்பதையும் மறக்கக்கூடாது. பெயர்ப் பலகைக்காக அவசரப்பட்டு ஒன்றையும் செய்ய வேண்டாம்.

எண்கள் எங்கிருந்து வரும்? சிறியவர்கள் தாமாக எண் உண்டாக்க முடியாது. உரிமம் பெற்ற பெரிய நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும். 015 4 என்று தொடங்கும் எண்களை இணையத் தொலைபேசிக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கடைக்காரர்கள் 03, 05 என்று ஊர் எண்ணைத்தான் விரும்புவார்கள். அதை எந்த நிறுவனம் கொடுக்கும், வாடிக்கையாளர் விலகினால் எண் யாருக்குச் சேரும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அந்த நிறுவனமே நாளைக்கு மூடினால் உங்கள் மகனின் வாடிக்கையாளர் எண்ணெல்லாம் அதோடு போய்விடும். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு பத்தியைத்தான்.

எத்தனை வழி வேண்டும் என்ற கணக்கு அழகானது. லயத்தில் நூறு பேர் இருந்தாலும் குழாய் நூறு வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே நிமிடம் குடம் தூக்கி வருவதில்லை அல்லவா? தொலைபேசியும் அப்படியே. டென்மார்க் நாட்டு எர்லாங் என்ற கணித அறிஞர் நூறாண்டுக்கு முன்பே இதற்குச் சூத்திரம் கண்டுபிடித்தார். நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் நூறு பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுகிறார்கள் என்று வையுங்கள். அவர் கணக்குப்படி 11 வழிகள் இருந்தால் நூற்றில் ஓர் அழைப்புக்கும் குறைவாகத்தான் "வழியில்லை" என்று திரும்பும். இணைய வேகமும் அப்படி ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். 11 அழைப்புக்கு ஒரு மெகாபிட். ஆகவே "எனக்குப் பெரிய கணினி வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும்" என்று மகன் பட்டியல் போட்டால், எதற்கு என்று கேளுங்கள். தொடக்கத்தில் வாடகைக் கணினி ஒன்றே போதும்.

பின் பணம் எங்கே போகிறது? வாடிக்கையாளர் இடத்தில் போகிறது. தொலைபேசிக் கருவி, கம்பி, மின்சாரம் நின்றால் தாங்கும் பெட்டி, பெட்ரோல். இரவில் வரும் அழைப்பு. "நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்பது இந்தத் தொழிலில் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் அது அலுவலகத்து ரவுட்டரின் குற்றம். வெளியிலிருந்து வரும் குரல் துண்டுகளுக்கு உள்ளே எந்த அறை என்று அதற்குத் தெரியாமல் போவதுதான் காரணம். ஆனால் கிளினிக் டாக்டரம்மா ரவுட்டரைத் திட்டமாட்டார். உங்கள் மகனைத்தான் திட்டுவார்.

வருமானத்தையும் பார்த்துவிடுவோம். இதுவும் உதாரணக் கணக்குத்தான். ஆறு கருவி உள்ள ஒரு கிளினிக்கிடம் மாதம் 150 வெள்ளி வாங்குகிறான். பெரிய நிறுவனத்துக்கு 90 கட்டுகிறான். மிச்சம் 60. இப்படி இருபது இடம் பிடித்தால் மாதம் 1,200 வெள்ளி. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக இருக்கும்போது இது அதற்கும் கீழே! ஆனால் இந்த 1,200 மாதாமாதம் வரும். நாற்பது இடமானால் 2,400. கம்பி இழுக்கும் கூலி தனி. முதல் ஓராண்டு, இரண்டாண்டு அவன் இப்போது செய்யும் வேலையை விடாமல் இதைப் பார்த்தால் தாக்குப் பிடிக்கலாம். வேலையை விட்டுவிட்டுத் தொடங்கினால் அப்பாவின் சேமநிதி கடையை வளர்க்காது, மாதச் சாப்பாட்டுக்கே கரைந்துபோகும்.

அடுத்து சொல்லப்போவது எனக்கே மனம் கனக்கும் விஷயம். ஈப்போவில் எனக்கு வேண்டிய ஒருவர் இதே தொழில் செய்தார். கெட்டிக்காரர். ஒரு தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். ஒரு வாடிக்கையாளரின் 100ஆம் எண் கருவிக்கு ரகசியச் சொல்லும் 100 என்றே வைத்திருந்தார், பிறகு மாற்றலாம் என்று. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த திருடர்கள் அதைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தார்கள். மூன்று நாள் இரவு பகலாக, நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் பிடிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு திருடர்களுக்குத் திரும்பிப் போகும், அதுதான் தந்திரம். அவர் திரும்பி வந்தபோது பில் 18,000 வெள்ளி. மொத்த வியாபாரி, "அழைப்பு உங்கள் பக்கத்திலிருந்துதானே வந்தது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நண்பர் மனைவியின் நகையை வைத்துக் கட்டினார். கடையை மூடினார். இன்று வேறோர் இடத்தில் சம்பளத்துக்கு இருக்கிறார். அந்த நகை திரும்ப வந்ததா என்று நான் கேட்டதில்லை.

இதைத் தடுக்கக் காசு அதிகம் வேண்டாம். மொத்த வியாபாரியிடம் முன்பணக் கணக்கு மட்டும் வைத்தால், தீர்ந்ததும் அழைப்பு தானே நிற்கும். வெளிநாட்டு அழைப்பை முதலிலேயே பூட்டிவிட்டு, கேட்பவருக்கு மட்டும் திறக்கலாம். நாளொன்றுக்கு உச்சவரம்பு வைக்கலாம். ரகசியச் சொல் நீளமாக இருக்கட்டும்.

இன்னொரு திருடன் வாசல் வழியாகவே வருவான். நல்ல சட்டை போட்டிருப்பான். "முப்பது வழி வேண்டும், ஆறு மாதப் பணம் ரொக்கமாக, கம்பெனிப் பத்திரம் பிறகு தருகிறேன்" என்பான். தொடக்கத்தில் பணமில்லாமல் தவிக்கும் பையனுக்கு அது தெய்வம் அனுப்பிய ஆள்போலத் தெரியும். போலீஸ் என்றும் வங்கி அதிகாரி என்றும் நடித்துப் பேசி ஏமாற்றும் கூட்டத்துக்கு வேண்டியது இப்படிப்பட்ட வழிகள்தான். நம் தோட்டத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் அந்த அழைப்பை நம்பிச் சேமநிதியைப் பறிகொடுத்தார்கள்! 2022இலிருந்து 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையம் இயங்குகிறது. ஏமாந்தவர்கள் உடனே அழைக்கலாம். ஆனால் அந்த அழைப்பு உங்கள் மகன் கொடுத்த வழியில் போயிருந்தால்? அடையாளக் கார்டும் கம்பெனிப் பத்திரமும் கடையை நேரில் பார்த்த கண்ணும் இல்லாமல் யாருக்கும் வழி கொடுப்பதில்லை என்று அவன் உங்களிடம் வாக்குக் கொடுக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஊரே இருட்டானாலும் அது பேசும். இணையத் தொலைபேசி அப்படியல்ல. விளக்கு அணைந்தால் ரவுட்டரும் அணையும், 999க்குக் கூப்பிட முடியாது. கிளினிக்கில் இது உயிர் விஷயம். மின்சாரம் தாங்கும் பெட்டி வைக்காமல் பொருத்தக்கூடாது. கைப்பேசி ஒன்று எப்போதும் அருகில் இருக்கட்டும் என்று எழுதியும் கொடுக்க வேண்டும்.

தோட்டத்து வீட்டிலிருந்தே நடத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணினி வேறிடத்தில் வாடகைக்கு இருப்பதால் நடத்தலாம். ஆனால் நல்ல இணையம் வேண்டும். 2021 கடைசியில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். மேட்டில் ஏறி நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிற நிலை உங்கள் தோட்டத்தில் இன்னும் இருந்தால், வாடிக்கையாளர் கிள்ளானில் காத்திருக்கும்போது அவன் மேட்டில் நின்றுகொண்டிருப்பான்.

சரி, சகோதரி, கொடுக்கலாமா?

40,000 கொடுக்க வேண்டாம். அது உங்கள் இருவரின் முதுமை. மகன் கம்பி இழுக்கத் தெரிந்தவன், அது பெரிய முதல். அந்தக் கை வேலை இல்லாமல் வெறும் விற்பனைக்காரனாக வந்திருந்தால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். அவனிடம் ஒரு தாள் கொடுங்கள். முதலில் மூன்று கடைக்காரர்களின் பெயரை எழுதட்டும். "பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் அல்ல, முன்பணம் கொடுக்கச் சம்மதித்தவர்கள். பிறகு எந்தப் பெரிய நிறுவனத்திடம் வழி வாங்குகிறான், விலகினால் எண் யாருக்கு என்று எழுதட்டும். ஆணையத்தின் பதிலை அதனோடு இணைக்கட்டும். மூன்று கடைக்கும் ஆகும் கருவிச் செலவைக் கூட்டிக் காட்டட்டும். அந்தத் தொகையை மட்டும் கொடுங்கள். என் கணக்கில் அது 5,000, 6,000 வெள்ளிக்கு மேல் போகாது. இருபது கடை சேர்ந்தபின் மேலும் வேண்டுமென்றால், தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்று ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது. பதிவும் கணக்குப் புத்தகமும் உள்ள கடையாக இருந்தால் அங்கே போய் உட்காரலாம்.

கணவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். அவர் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகனை வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் இருக்கலாம், சரி என்று சொல்லப் பயமாகவும் இருக்கலாம். அந்தத் தாளை மகன் முதலில் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஒரு படி எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், கணக்கைச் சரி பார்த்துத் தருகிறேன்.

சிரம்பானிலிருந்து ஆட்டுப்பண்ணை பற்றிக் கேட்ட வாசகருக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.